அலை உடையாத இடம்

பிரான்சின் தென்கரையில், சேத் துறைமுகத்துக்கும் மார்செய்யான் ஊருக்கும் நடுவே சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மெல்லிய மணல்பட்டை ஓடுகிறது. அதன் வடக்கே சிப்பி வளர்க்கும் தோ காயல். தெற்கே மத்தியதரைக் கடல். தென்கிழக்குக் காற்று வீசும் ஒரு கோடை நாளில் அங்கே போய் நின்றால், இடுப்பளவு உயர அலைகள் வரிசையாக வந்து கரைக்குச் சற்று முன்பே வெள்ளை நுரையாக உடைவதைப் பார்க்கலாம். அந்த வெள்ளைக் கோடு ஒரே நீளமாக ஓடுவதில்லை. ஓரிடத்தில் அறுந்திருக்கும். பத்துப் பதினைந்து மீட்டர் அகலத்துக்கு அலையே உடையாமல், நீர் கொஞ்சம் கருத்து, மேற்பரப்பு லேசாகச் சுருங்கி, கடல் அங்கே மட்டும் சாந்தமாகிவிட்டது போலத் தோன்றும்.

குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வரும் ஒரு தகப்பன் எங்கே இறங்குவார்? இரண்டு பக்கமும் அலை அடிக்கிறது. நடுவில் அமைதியான ஒரு வாசல். நீங்களும் நானும் அங்கேதான் இறங்குவோம்.

அந்தக் கரையிலேயே இறங்கக் கூடாத இடம் அதுதான். கண் பாதுகாப்பு என்று காட்டும் இடம் ஏன் ஆபத்தாக இருக்கிறது? அதிலும் ஏரி போலக் கிடக்கும் மத்தியதரைக் கடலில் இது எப்படி நடக்கிறது?

ஏரி என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். பிரான்சின் மேற்கே அட்லாண்டிக் கரை. அங்கே ஓதம், அதாவது நிலவும் சூரியனும் இழுப்பதால் கடல்மட்டம் தினமும் இரண்டு முறை ஏறி இறங்குவது, பல மீட்டர் அளவுக்கு இருக்கும். காலையில் நடந்துபோன மணல்வெளி மதியம் தலைக்கு மேல் நீராக மாறிவிடும். அந்தக் கரையில் வளர்ந்தவர்களுக்குக் கடல்மீது இயல்பாகவே ஒரு பயம் உண்டு. மத்தியதரைக் கடலில் பெரும்பாலான இடங்களில் ஓதம் இரண்டு மூன்று சாண் உயரத்தைத் தாண்டுவதில்லை. துனீசியாவின் காபெஸ் வளைகுடா, வெனிஸ் நகரம் இருக்கும் வட அட்ரியாட்டிக் போன்ற சில மூலைகளே விதிவிலக்கு. அட்லாண்டிக்கின் பெரிய ஓத அலை உள்ளே வர ஜிப்ரால்டர் நீரிணை ஒன்றுதான் வழி. அதன் குறுகிய இடம் வெறும் 14 கிலோமீட்டர் அகலம். குடத்தின் கழுத்து இவ்வளவு ஒடுங்கியிருந்தால் வெளியே எவ்வளவு ஏறி இறங்கினாலும் உள்ளே இருக்கும் நீருக்கு அது சரியாகத் தெரியாது. தானே பெரிய ஓதத்தை உண்டாக்கிக்கொள்ளும் அளவுக்கு இந்தக் கடல் பெரியதும் இல்லை.

ஆகவே கரைக்கோடு நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்கிறது. பாயை எங்கே விரித்தோமோ அங்கேயே இருக்கலாம். இந்த நிம்மதிதான் மனத்தில் "ஏரி" என்று பதிந்துவிடுகிறது. ஆனால் ஓதத்துக்கும் அலைக்கும் சம்பந்தமில்லை. ஓதம் நிலவின் வேலை, அலை காற்றின் வேலை. காற்றுக்கு மத்தியதரைக் கடலில் பஞ்சமே இல்லை.

ஓதம் பெரிதாக இல்லாததால் இன்னொன்றும் நடக்கிறது. ஓதம் உள்ள கரையில் நீர் வடியும்போது அடியில் இருக்கும் மணல்திட்டும் பள்ளமும் வெளியே தெரியும். எங்கே மேடு, எங்கே குழி என்று காலாற நடந்தே பார்த்துவிடலாம். சேத் கரையில் அந்த வாய்ப்பு ஒருநாளும் கிடைக்காது. அங்கேயும் கரைக்கு இணையாக, நீருக்கடியில், பிறை பிறையாக வளைந்த மணல்திட்டுகள் இருக்கின்றன. அவை எப்போதும் மூழ்கியே கிடக்கின்றன. ஒரு புயல் அவற்றை உருவாக்கிவிட்டுப் போனால், அடுத்த பெரிய அலை வந்து கலைக்கும்வரை மேடும் பள்ளமும் அப்படியே மறைந்திருக்கும்.

இப்போது அலை ஏன் உடைகிறது என்று பார்ப்போம். ஆழமான நீரில் வரும் அலைக்கு அடிநிலம் இருப்பதே தெரியாது. நீர் ஆழம் குறையக் குறைய அலையின் அடிப்பகுதி தரையில் உரசி வேகம் குறைகிறது, மேற்பகுதி எழும்புகிறது. நீரின் ஆழம் அலையின் உயரத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம் என்ற நிலை வரும்போது அலை தடுமாறிக் கவிழ்ந்து நுரையாகிறது. ஒரு மீட்டர் உயர அலை ஏறக்குறைய ஒன்றேகால் மீட்டர் ஆழத்தில் உடையும் என்று வைத்துக்கொள்ளலாம். மணல்திட்டுக்கு மேலே ஒரு மீட்டர் நீர்தான் இருந்தால் அங்கே அலை கட்டாயம் உடையும். திட்டில் ஓர் இடைவெளி இருந்து, அங்கே இரண்டு மீட்டர் ஆழம் என்றால் அதே அலை உடையாமல் வழுக்கிக்கொண்டு கடந்துபோகும். நாம் அமைதி என்று பார்த்தது ஆழத்தைத்தான். வெள்ளை நுரை மேட்டைக் காட்டுகிறது, நுரை இல்லாத கரும்பட்டை பள்ளத்தைக் காட்டுகிறது.

பள்ளம் மட்டும் என்றால் நீந்தத் தெரிந்தவருக்குப் பெரிய சிக்கல் இல்லை. அந்தப் பள்ளத்தில் ஓர் ஆறு ஓடுவதுதான் சிக்கல்.

நெல்வயலை நினைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் வரப்பு. பக்கத்து வாய்க்கால் நிரம்பி, நீர் வரப்பின் நீளம் முழுக்க மெல்லிசாக வழிந்து உள்ளே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வரப்பின் எந்த ஓர் இடத்திலும் அது வேகமாக வருவதாகத் தெரியாது. ஆனால் உள்ளே வந்த அத்தனை நீரும் வெளியேற ஒரே ஒரு மடைதான் இருக்கிறது என்றால், அந்த மடையில் நீர் எப்படிச் சீறும்! மணல்திட்டு அந்த வரப்பு. அலைகள் திட்டின் மேல் உடையும்போது நீரையும், நீரைவிட முக்கியமாகத் தங்கள் தள்ளுவிசையையும் கரைப்பக்கம் இறக்கிவிடுகின்றன. அதனால் திட்டுக்கும் கரைக்கும் நடுவே நீர்மட்டம் சில சென்டிமீட்டர் உயர்கிறது. இதை நீரேற்றம் என்று சொல்லலாம். இடைவெளிக்கு நேரே அலை உடைவதில்லை, ஆகவே அங்கே ஏற்றமும் குறைவு. உயர்ந்த இடத்திலிருந்து தாழ்ந்த இடத்துக்கு நீர் போவது இயற்கை. இரண்டு பக்கத்திலிருந்தும் கரையை ஒட்டியே பக்கவாட்டில் ஓடிவந்து, இடைவெளியில் ஒன்றுகூடி, மடை திறந்தாற்போலக் கடலுக்குள் பாய்கிறது. இதுதான் ரிப் கரன்ட். தமிழில் இழுப்போட்டம் என்று சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

கையளவு நீரேற்றம் இவ்வளவு செய்யுமா என்ற சந்தேகம் வருவது சரிதான். இழுப்போட்டத்தின் சாதாரண வேகம் வினாடிக்கு அரை மீட்டர் அளவில்தான் இருக்கும், நிதானமாக நடப்பவரின் வேகத்துக்கும் கீழே. மோசமான நாளில் அது இரண்டு மீட்டரைத் தொடும். 50 மீட்டரை 21 வினாடியில் கடக்கும் உலகின் மிக வேகமான நீச்சல் வீரர்கூட வினாடிக்குச் சுமார் 2.4 மீட்டர்தான் போகிறார், அதுவும் அந்த 21 வினாடிக்கு மட்டும். விடுமுறைக்கு வந்த நாம் வினாடிக்கு அரை மீட்டர், முக்கால் மீட்டர் நீந்தினாலே அதிகம். தவிர, இந்த ஓட்டம் சீராக ஓடுவதில்லை. பெரிய அலைகள் நாலைந்து சேர்ந்து வந்தவுடன் திடீரென்று வேகமெடுக்கும், பிறகு தணியும். இடுப்பளவு நீரில் நிம்மதியாக நின்றுகொண்டிருந்தவருக்கு ஒரே நிமிடத்தில் கால் தரையிலிருந்து எழும்பிவிடுவது இதனால்தான்.

இழுப்போட்டத்தின் முதல் அடையாளம் கண்ணைவிடக் காலுக்குத்தான் தெரியும். முழங்கால் ஆழத்தில் கரையைப் பார்த்து நில்லுங்கள். அலை வந்து போகும்போது குதிகாலுக்கு அடியில் மணல் கரைவது சகஜம். ஆனால் அலை போன பிறகும், நடுவில் அமைதியான வினாடிகளிலும், கெண்டைக்காலை ஏதோ ஒரு பக்கமாகவே நீர் தள்ளிக்கொண்டிருந்தால், நீங்கள் அந்த மடையை நோக்கி ஓடும் வாய்க்காலில் நிற்கிறீர்கள். நிமிர்ந்து உங்கள் குடையைத் தேடினால், நேர் எதிரே இருந்த குடை இருபது முப்பது மீட்டர் தள்ளிப் போயிருக்கும். குடை நகரவில்லை. உடனே கரையேறி, குடைக்கு நேராக நடந்து வந்துவிடுங்கள்.

இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது தனிக்கதை. கடலில் மூழ்கியவர்களைக் "கீழே இழுத்துவிட்டது" என்று சொல்வது உலகெங்கும் உள்ள வழக்கம். கரைக்கு வந்த அலைநீர் அடியால் திரும்பிப் போகும்போது ஆளையும் அடியில் இழுக்கிறது என்று நம்பினார்கள். 1920களில் சயின்ஸ் இதழில் இதைப்பற்றி ஒரு வாதமே நடந்தது. நீந்தப் பழகியவர்கள், எங்களை யாரும் கீழே இழுக்கவில்லை, மேற்பரப்பிலேயே வெளியே கொண்டுபோனது என்றார்கள். கலிஃபோர்னியாக் கரையை ஆராய்ந்த ஃபிரான்சிஸ் ஷெப்பர்ட் 1936இல் அதே இதழில் எழுதியபோது, இது ஓதத்தாலும் வருவதில்லை, அடியிழுப்பும் இல்லை, மேற்பரப்பில் ஒடுக்கமாக ஓடும் ஒரு நீரோட்டம் என்று விளக்கி, ரிப் கரன்ட் என்ற பெயரையும் கொடுத்தார். இந்தத் திருத்தம் உயிர் காக்கும் திருத்தம். கீழே இழுக்கிறது என்று நம்புகிறவர் மேலே வரத் துடித்தே களைத்துப்போவார். வெளியேதான் கொண்டுபோகிறது என்று தெரிந்தவரால் மிதக்க முடியும்.

தள்ளுவிசை நீர்மட்டத்தை எப்படி உயர்த்துகிறது என்ற கணக்கை 1960களில் லாங்கெட்-ஹிக்கின்ஸ், ஸ்டூவர்ட் என்ற இரு அறிஞர்கள் போட்டுக் காட்டினார்கள். வேறு ஆய்வாளர்கள் பச்சைச் சாயத்தைக் கரையோர நீரில் ஊற்றிப் பார்த்தார்கள். கரையோடு ஓடிய பச்சை ஓரிடத்தில் திரும்பி, தெருவைப் போல நேராகக் கடலுக்குள் நீண்டு, உடையும் அலைகளைத் தாண்டியதும் காளான் குடைபோல விரிந்தது. ஆஸ்திரேலியாவில் ராப் பிராண்டர் என்ற ஆய்வாளர் இந்தச் சாயப் பரிசோதனையைப் பொதுமக்கள் முன்னிலையிலேயே செய்து காட்டி வருகிறார். பாடம் நடத்துவதைவிட ஒரு வாளிச் சாயம் அதிகம் புரியவைக்கிறது.

கேமராவும் உதவியது. ராத்திரியில் நெடுஞ்சாலையை நீண்ட நேரம் திறந்துவைத்த கேமராவில் எடுத்தால் வண்டிகள் மறைந்து, விளக்குகள் ஓடிய கோடு மட்டும் பதியும். அதே மாதிரி கடலைப் பத்து நிமிடம் படமெடுத்துச் சராசரி கண்டால் தனித்தனி அலைகள் மறைந்து, அடிக்கடி நுரை வந்த இடம் வெள்ளைப் பட்டையாகவும் நுரை வராத இடம் கரும்பட்டையாகவும் நிற்கும். நீருக்கடியில் மறைந்த திட்டின் வரைபடம் அப்படியே கிடைத்துவிடுகிறது. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ராப் ஹோல்மன் உருவாக்கிய ஆர்கஸ் என்ற இந்த முறையில் பார்சிலோனாவின் கடற்கரைகளை 2001 முதல் ஒரு உயரமான கட்டிடத்தின் உச்சியிலிருந்து கவனித்து வந்திருக்கிறார்கள். அலைத்தடுப்புச் சுவர்களும் கல்வரிசைகளும் நிறைந்த நகரக் கரை அது. மத்தியதரைக் கடலின் பல ஊர்களில் மணல் அரிப்பைத் தடுக்க இப்படிக் கல் கொட்டியிருக்கிறார்கள். கல்வரிசையின் ஓரத்தையே பிடித்துக்கொண்டு கடலுக்குள் ஓடும் இழுப்போட்டம் அங்கெல்லாம் கூடுதலாக உண்டு. கல்லுக்குப் பக்கத்தில் அலை குறைவாக இருக்கிறது என்று அங்கே இறங்குவதும் முன்னே சொன்ன அதே தப்புத்தான்.

பிறகு ஜிபிஎஸ் வந்தது. கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் ஜேமி மக்மகான் குழுவினர் சாதாரண பிளாஸ்டிக் குழாய்களில் ஜிபிஎஸ் கருவியைப் பொருத்தி மிதவைகளாக விட்டார்கள். அதுவரை எல்லோரும் நினைத்தது, இழுப்போட்டம் ஆளை நேரே நடுக்கடலுக்குக் கொண்டுபோய் விட்டுவிடும் என்று. மிதவைகளில் பெரும்பாலானவை அப்படிப் போகவில்லை. வெளியே போய், பக்கவாட்டில் திரும்பி, மணல்திட்டின் மேல் உடையும் அலைகளோடு கரைப்பக்கம் வந்து, மறுபடி வெளியே போய், வட்டமடித்துக்கொண்டே இருந்தன. 2010இல் இந்த முடிவு வெளியானபோது, அப்படியானால் சும்மா மிதந்தாலே ஓட்டம் நம்மைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடுமே என்ற நம்பிக்கை பிறந்தது. ஆஸ்திரேலியாவில் ஆட்களையே இழுப்போட்டத்தில் மிதக்கவிட்டும் பக்கவாட்டில் நீந்தவிட்டும் சோதித்தார்கள். சில கரைகளில் மிதப்பது பலித்தது, சிலவற்றில் நீந்துவது பலித்தது. எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரே மந்திரம் கிடையாது என்பதுதான் இன்றைய நிலை. எங்கேயுமே பலிக்காத வழி ஒன்று மட்டும் உறுதி: ஓட்டத்துக்கு நேர் எதிராகக் கரையை நோக்கி முண்டுவது. நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இறப்பது இப்படித்தான்.

அகப்பட்டுக்கொண்டால் முதலில் மல்லாந்து மிதந்து மூச்சைச் சரிசெய்துகொள்ள வேண்டும். கையை உயர்த்திச் சைகை காட்டிக் கூப்பிட வேண்டும். தெம்பு இருந்தால், கரைக்கு இணையாக, வெள்ளை நுரை உடையும் பக்கம் நீந்த வேண்டும். நுரை உள்ள இடத்தில் மேடு இருக்கிறது, அங்கே அலைகள் கரைப்பக்கம் தள்ளுகின்றன. ஒரு பக்கம் நீந்த முடியவில்லை என்றால் மறுபக்கம் முயலலாம், அல்லது மறுபடி மிதக்கலாம். கரையில் இருப்பவர்களுக்கு ஒன்று. வெறுங்கையோடு குதிக்காதீர்கள். பந்து, மிதவைப்பலகை, மூடியிட்ட காலிக் கேன் என மிதக்கும் எதையாவது எறியுங்கள். பிள்ளையைக் காப்பாற்றப் போன தகப்பனும் சேர்ந்து போய்விடும் செய்தி ஒவ்வொரு கோடையிலும் ஏதோ ஒரு கரையிலிருந்து வருகிறது. படிக்கும்போது மனம் ஆறுவதில்லை.

மிதப்பதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனெனில் இங்கே மத்தியதரைக் கடல் நமக்குச் சாதகமாக இருக்கிறது. இந்தக் கடலிலிருந்து ஆவியாகிப் போகும் நீர், ஆறுகளும் மழையும் சேர்ந்து கொண்டுவரும் நீரைவிட அதிகம். ஆகவே உப்பு கூடுகிறது. பெருங்கடலில் கிலோவுக்குச் சுமார் 35 கிராம் உப்பு என்றால் இங்கே 38, 39 கிராம். உப்பு கூடினால் நீரின் அடர்த்தி கூடும், தூக்கிவிடும் சக்தியும் கூடும். நுரையீரல் நிறையக் காற்று இருந்தால் நம்மில் பெரும்பாலோர் இந்தக் கடலில் மிதப்போம், ஆனால் மயிரிழையில்தான். நீருக்கு வெளியே இருக்கும் எந்த உறுப்பையும் நீர் தாங்குவதில்லை. இரண்டு கையையும் மேலே தூக்கினால் அந்தக் கைகளின் எடை தலையைக் கீழே அழுத்திவிடும். அதனால் ஒரு கையால் மட்டும், விட்டு விட்டுச் சைகை காட்டினால் போதும். காது நீருக்குள் இருக்கட்டும், முகம் வானத்தைப் பார்க்கட்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் கடலிலிருந்து கரைக்கு வீசும் காற்றின் கதை. சேத் கரையினர் தென்கிழக்கிலிருந்து ஈரத்தோடு வரும் அந்தக் காற்றை மரேன் என்கிறார்கள். அங்கே வேறு இரண்டு காற்றுகளும் உண்டு. பிரெனே மலைக்கும் மத்திய மலைப்பகுதிக்கும் நடுவே புகுந்து வடமேற்கிலிருந்து வருவது டிரமோன்டான். ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் வழியே வடக்கிலிருந்து இறங்குவது மிஸ்ட்ரால். இரண்டுமே நிலத்திலிருந்து கடலுக்கு வீசுகின்றன. மிஸ்ட்ரால் வீசும் நாளில் வானத்தில் பெரும்பாலும் ஒரு மேகம் இருக்காது. வெயில் பளிச்சென்று இருக்கும். கரையோர நீர் கண்ணாடியாகக் கிடக்கும். பெற்றோருக்கு இதைவிட நல்ல நாள் வேறில்லை என்று தோன்றும்.

கண்ணாடியாகக் கிடப்பதற்குக் காரணம், அலை வளரக் காற்றுக்கு ஓடுதளம் வேண்டும் என்பது. திறந்த நீரின் மேல் காற்று எவ்வளவு தூரம் தடையில்லாமல் ஓடுகிறதோ அவ்வளவுக்கு அலை வளரும். கரையிலிருந்து காற்று புறப்படுகிறது என்றால் கரையோரத்தில் அந்தத் தூரம் பூஜ்யம். நூறு மீட்டர் தள்ளிச் சிற்றலை, ஒரு கிலோமீட்டர் தள்ளித் துள்ளும் அலை, இன்னும் போனால் ஆளை மறைக்கும் அலை. கரையில் நின்று பார்ப்பவருக்கு அலைகளின் முதுகுதான் தெரியும், அதுவும் தட்டையாக. காற்றின் பலம் முழுக்கக் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது.

அந்தக் கண்ணாடி நீரில் காற்றடைத்த ரப்பர் மெத்தையை விட்டால் என்ன ஆகும்? அதற்கு எடை இல்லை, நீருக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ள அடிப்பாகமும் இல்லை. உடல் முழுக்கக் காற்றைப் பிடிக்கும் பாய்மரம்தான் அது. 2020 ஆகஸ்டில் கிரேக்கத்தின் அன்டிரியோ கரையில் ஒரு சின்னப் பெண்குழந்தை ஒற்றைக்கொம்புக் குதிரை வடிவ மிதவையில் உட்கார்ந்தபடியே கடலுக்குள் அடித்துச் செல்லப்பட்டாள். அந்த வழியாக வந்த படகுச் சேவைக் கப்பலின் மாலுமிகள், அலை எழும்பாதபடி கப்பலை மெல்லப் பக்கத்தில் கொண்டுபோய் அவளை மேலே தூக்கினார்கள். அவள் மிதவையை இறுகப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்ததால் பிழைத்தாள். பெரியவர்கள் பலர் செய்யத் தவறுவது அதைத்தான். நின்று துடுப்புப் போடும் பலகையில் போனவர் காற்றில் சிக்கினால் பலகையை விட்டுவிட்டுக் கரைக்கு நீந்தக் கூடாது. நிற்கும் உடல்தான் பாய்மரம், ஆகவே முழங்காலிடவோ குப்புறப் படுக்கவோ வேண்டும். படுத்தபடி கையால் துழாவி வர முயலலாம். முடியவில்லை என்றால் பலகை மேலேயே காத்திருக்க வேண்டும். தேடி வருகிறவர்களுக்கு நீரில் ஒரு தலை தெரியாது, மூன்று மீட்டர் பலகை தெரியும். கணுக்காலில் கட்டும் கயிறு அறுந்துபோகாததாக இருப்பது மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம்.

கரையிலிருந்து 300 மீட்டர் வரையிலான நீர்ப்பட்டைக்குப் பிரான்சில் தனி விதிகள் உண்டு. மஞ்சள் மிதவைகள் அந்த எல்லையைக் காட்டும். உள்ளே எந்த இயந்திரப் படகும் மணிக்கு 5 கடல்மைல் வேகத்தைத் தாண்டக் கூடாது. ரப்பர் மெத்தை போன்ற விளையாட்டு மிதவைகள் அந்த எல்லையை விட்டு வெளியே போகக் கூடாது. ஜெட் ஸ்கீயும் படகுகளும் கடலுக்குப் போய்வரத் தனி வழி விட்டிருப்பார்கள். இரண்டு வரிசை மிதவைகளுக்கு நடுவே இருக்கும் அந்த வழி காலியாக, நீந்த வசதியாகத் தெரியும். அது படகுகளின் சாலை, அங்கே நீந்தக் கூடாது.

மிஸ்ட்ரால் இன்னொரு வேலையும் செய்கிறது. மேலே இருக்கும் வெதுவெதுப்பான நீரைக் கடலுக்குள் தள்ளிவிடுகிறது. அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த நீர் ஏறி வருகிறது. இதை மேலெழுநீர் என்கிறோம். காற்று தள்ளும் நீர் காற்றின் திசையிலேயே போகாமல், பூமி சுழல்வதால் நம் வட அரைக்கோளத்தில் வலப்பக்கம் விலகும். ஆர்க்டிக்கில் உறைந்த கப்பலிலிருந்து நான்சென் என்ற ஆய்வுப்பயணி பனிப்பாளங்கள் அப்படி விலகிப் போவதைக் கவனித்தார். எக்மன் என்ற அறிஞர் 1905இல் அதற்குக் கணக்குச் சொன்னார். மார்செய் பக்கத்துக் கரைகளில் மேலெழுநீரைத் தெரிந்துகொள்ள எந்தக் கருவியும் வேண்டாம். ஆகஸ்டில் 24, 25 டிகிரி இருந்த கடல் ஓரிரு நாள் மிஸ்ட்ராலுக்குப் பிறகு 16, 17 டிகிரிக்கு இறங்கிவிடும். வெயிலில் காய்ந்த உடம்போடு அதில் பாய்கிறவருக்கு, தன்னையறியாமல் ஒரு பெரிய மூச்சு உள்ளே போகும். அந்த நேரத்தில் வாய் நீருக்குள் இருந்தால் போவது காற்றல்ல, கடல். நெஞ்சு படபடக்கும், மூச்சு கட்டுக்கடங்காமல் வாங்கும். இதைக் குளிர் அதிர்ச்சி என்பார்கள். ஓரிரண்டு நிமிடத்தில் அது தானே அடங்கிவிடும். அதுவரை நீந்த முயலாமல் மிதப்பதுதான் வழி. பாயாமல் முதலில் கழுத்தையும் நெஞ்சையும் நனைத்துக்கொண்டு மெல்ல இறங்கினால் இந்த ஆபத்து பெரும்பாலும் வராது. இதய நோய் உள்ளவர்கள் இந்த விஷயத்தில் பந்தயம் கட்டவே கூடாது.

கொடிகளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பிரான்சில் 2022இல் கடற்கரைக் கொடிகளை மாற்றியமைத்தார்கள். மேலே சிவப்பு, கீழே மஞ்சள் கொண்ட இரண்டு கொடிகளுக்கு நடுவேதான் உயிர்காப்பாளர்கள் கண்காணிக்கிறார்கள். கம்பத்தில் பச்சை பறந்தால் தெரிந்த ஆபத்து இல்லை, மஞ்சள் என்றால் ஆபத்து உண்டு, கவனம், சிவப்பு என்றால் நீந்தத் தடை. இஸ்ரேல் கரைக்குப் போனால் அதே சிவப்புக்கு ஆபத்து என்றுதான் பொருள். அங்கே தடைக்குக் கறுப்புக் கொடி. ஒரே கடலின் இரண்டு கரைகளில் ஒரே நிறத்துக்கு இரண்டு பொருள் என்பதால், போன இடத்துப் பலகையைப் படிக்காமல் இறங்கக் கூடாது. நீலக்கொடி இந்த வரிசையில் சேராது. 1985இல் பிரான்சில் தொடங்கிய அது தூய்மைக்கும் வசதிகளுக்கும் ஆண்டுதோறும் கொடுக்கும் சான்று. சென்னை அருகே கோவளம் 2021இல் பெற்றதும் அதுவே. இன்றைய அலையைப் பற்றியோ காற்றைப் பற்றியோ அது ஒன்றும் சொல்வதில்லை. பிரான்சில் கடல் மீட்புக்கு 196 என்ற எண்ணைக் கூப்பிட வேண்டும், ஐரோப்பா முழுக்க 112. கூப்பிட்டால் புறப்பட்டு வரும் மீட்புப் படகுகளில் பல, 1967இல் தொடங்கிய எஸ்என்எஸ்எம் என்ற அமைப்பின் தொண்டர்கள் ஓட்டுபவை.

சேத் நகரத்தின் நடுவே சேன்-கிளேர் என்ற குன்று இருக்கிறது. இருநூறு மீட்டர்கூட உயரமில்லை. கடல் கலங்காத ஒரு காலையில் மேலே ஏறி மேற்கே பார்த்தால், காயலுக்கும் கடலுக்கும் நடுவே அந்த மணல்பட்டை நீண்டு கிடப்பது தெரியும். கரையை ஒட்டி, நீருக்கடியில், வெளிர்நீலப் பிறைகள் வரிசையாகத் தெரியும். அவை மணல்திட்டுகள். பிறைக்கும் பிறைக்கும் நடுவே கருநீலமாக ஒரு சின்ன வாசல், அப்புறம் இன்னொன்று. மேலிருந்து பார்க்கையில் அவற்றை எண்ணிவிடலாம். கீழே மணலில் குடைகள் ஒவ்வொன்றாக விரியத் தொடங்கும்போது, எந்தக் குடை எந்த வாசலுக்கு நேரே நிற்கிறது என்பதுகூட அங்கிருந்து தெரியும்.